பிணம் எழுந்து வர்ற கிறிஸ்மஸ் படமும் உங்க பேப்பர்ல வந்த ரெண்டு தப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல லீவுக்கு குழந்தைங்களோட உக்காந்து பார்க்க வேண்டிய கிறிஸ்மஸ் படங்கள்னு ஒரு லிஸ்ட் போட்டீங்க, அதுல 'அன்னா அண்ட் த அபோகலிப்ஸ்'னு ஒரு ஸ்காட்லாந்து படமும் இருந்துச்சு. அடுத்த வாரமே அதை கண்டிச்சு ஒரு பெரியவர் எழுதுன கடிதத்தையும் போட்டுட்டீங்க, ஆண்டவர் பிறந்த நாளை வச்சு பொணத்தை நடமாட விட்டு சிரிக்கிறாங்க, இது உயிர்த்தெழுதலையே கேலி பண்றதுன்னு எழுதியிருந்தார். லிஸ்ட் போட்டவரும் படத்தை பார்க்கல, கண்டிச்ச ஐயாவும் பார்க்கல, இது ரெண்டையும் படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு, நான் பார்த்திருக்கேன், ஒரு தடவைக்கு மேலயே பார்த்திருக்கேன், அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், வெட்டித்தான் போடுவீங்கன்னு தெரியும், ஆனா கீழ கிளாஸ்கோ பத்தி எழுதியிருக்குற இடத்தை மட்டும் வெட்டாதீங்க ப்ளீஸ்.

முதல்ல லிஸ்ட். இந்தப் படத்துக்கு பிரிட்டன்ல 15 சர்ட்டிஃபிகேட், அதாவது பதினஞ்சு வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு தியேட்டர்ல டிக்கெட்டே கிடையாது. அமெரிக்காவுல 'ஆர்' ரேட்டிங். தலை உருளுது, குடல் வெளிய வருது, கெட்ட வார்த்தை வஞ்சனையில்லாம வருது, ஒரு பொண்ணு சாண்டா தாத்தாவை நினைச்சு பாடுற பாட்டு இருக்கே அது ரெட்டை அர்த்தத்துக்குன்னே எழுதுன பாட்டு. இதைப் போய் குழந்தைங்க லிஸ்ட்ல சேர்த்திருக்கீங்க. எங்க அக்கா உங்க லிஸ்டை நம்பி சின்னப் புள்ளைங்களை வச்சுக்கிட்டு படத்தை போட்டுட்டா. பூங்காவுல பனிமனுஷன் வேஷம் போட்ட ஒரு ஆள் ரத்தத்தோட தள்ளாடி வருவான், ஹீரோயின் சீ-சாவை வச்சு அவன் தலையை பறக்க விடுவா, அந்த சீன் வந்ததும் சின்னவன் போட்ட சத்தத்துல மாடி வீட்டுக்காரங்க இறங்கி வந்துட்டாங்க. பெரியவன் மட்டும் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கான், அது வேற கதை.

எப்படி இந்த தப்பு நடந்திருக்கும்னு எனக்கு புரியுது. போஸ்டரை பார்த்திருப்பாங்க. ஸ்கூல் யூனிஃபார்ம், பனி, கலர் லைட்டு, சிவப்பும் வெள்ளையுமா கோடு போட்ட பெரிய மிட்டாய்க் கம்பு ஒண்ணு, கூடவே மியூசிக்கல்னு ஒரு வார்த்தை. பாட்டு இருந்தா குழந்தைங்க படம்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. அந்த மிட்டாய்க் கம்பு அலங்காரத்துக்கு நட்டு வைக்கிற சாமான், அதோட கூர் முனைதான் அன்னாவுக்கு ஆயுதம். போஸ்டரை உத்துப் பார்த்திருந்தா பின்னாடி நிக்கிறவங்க முகமெல்லாம் எப்படி இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்.

படம் பார்க்காதவங்களுக்காக கதையை கொஞ்சம் சொல்லிடறேன். லிட்டில் ஹேவன்னு ஒரு கற்பனை ஊர், ஸ்காட்லாந்துல. அன்னா ஸ்கூல் கடைசி வருஷம் படிக்கிற பொண்ணு, அம்மா கிடையாது, அப்பா டோனி அதே ஸ்கூல்ல கேர்டேக்கர். காலேஜுக்கு போகாம முதல்ல ஆஸ்திரேலியா பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்னு அவ அப்பாவுக்கு தெரியாம பிளான் பண்ணி வச்சிருக்கா, கார்ல போகும்போது கூடப் படிக்கிற ஜான் வாய் தவறி அதை உளறிடறான், அப்பனுக்கும் மகளுக்கும் முட்டிக்கிது. அன்னைக்கு ராத்திரி ஸ்கூல்ல கிறிஸ்மஸ் ஷோ, அன்னாவும் ஜானும் வேலை பார்க்குற பவுலிங் சென்டருக்கு போயிடறாங்க. விடிஞ்சா ஊர்ல செத்தவனெல்லாம் எழுந்து நடக்குறான். அப்பா ஸ்கூல்ல மாட்டிக்கிட்டார், மக பவுலிங் சென்டர்ல, நடுவுல இருக்குற ஊரு முழுக்க ஜாம்பி. அவ்வளவுதான் கதை, ஆனா அப்பப்போ பாட்டு பாடிடுவாங்க.

இயக்குநர் ஜான் மெக்ஃபெயில், அன்னாவா நடிச்சது எல்லா ஹண்ட், பாட்டு ராடி ஹார்ட்டும் டாமி ரெய்லியும். 2017 செப்டம்பர்ல அமெரிக்காவுல ஆஸ்டின்ல நடக்குற ஃபென்டாஸ்டிக் ஃபெஸ்ட்ல முதல்ல காட்டுனாங்க, பிரிட்டன் தியேட்டருக்கு வந்தது 2018 நவம்பர் கடைசியில. உங்க லிஸ்ட்ல இயக்குநர் பேரே இல்ல, படத்துக்கு பக்கத்துல சும்மா ஹாலிவுட்னு போட்டிருக்கீங்க. ஹாலிவுட் படமா இது? போர்ட் கிளாஸ்கோ பக்கம், கிளைட் ஆத்து கரையோரம் எடுத்த சின்ன பட்ஜெட் படம். அதுவும் ஸ்கூல் கேன்டீன்ல பசங்க எல்லாம் மேஜை மேல ஏறி, ஹாலிவுட் படத்துல வர்ற மாதிரி நம்ம வாழ்க்கை முடியாதுப்பான்னு பாடுற பாட்டே ஒண்ணு இருக்குற படத்துக்கு ஹாலிவுட்னு முத்திரை குத்துறது கொஞ்சம் ஓவர்.

இப்ப பெரியவர் கடிதத்துக்கு வர்றேன். ஐயா, நானும் சர்ச்சுக்கு போறவதான், மிஷன் ஸ்கூல்ல தமிழ் டீச்சரா இருக்கேன், டிசம்பர் வந்தா கேரல் ரவுண்ட்ஸ் முடிஞ்சு தொண்டை கட்டி கிளாஸ்ல பேச முடியாம நிக்கிற ஆளு. அந்த உரிமையில சொல்றேன், உயிர்த்தெழுதல் வேற, ஜாம்பி வேற. உயிர்த்தெழுதல்னா போன ஆளே திரும்பி வர்றது. இயேசு எழுப்புன லாசரு கல்லறையை விட்டு வெளிய வந்தப்ப லாசருவாத்தான் வந்தான், அடுத்த அதிகாரத்துல பந்தியில உக்காந்து சாப்பிடுறான். ஜாம்பி படத்துல உடம்பு மட்டும்தான் நடக்குது, ஆள் எப்பவோ போயாச்சு. பக்கத்து வீட்டுக்காரரோட சட்டை இருக்கு, அவர் நடை கூட இருக்கு, அவர் இல்ல. இந்தப் படம் உயிர்த்தெழுதலை கேலி பண்ணல, அது கிடைக்காத ஒரு உலகத்தை காட்டுது, ரெண்டுக்கும் தூரம் ரொம்ப அதிகம். இன்னொண்ணும் சொல்லணும், பொணத்தை பொணமா காட்டுறதுக்கு வேதாகமம் எங்கயும் கூச்சப்படல. லாசரு கல்லறையில கல்லை எடுங்கன்னு இயேசு சொன்னதும் அவன் சகோதரி மார்த்தாள் என்ன சொல்றா? "ஆண்டவரே, இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே." ஊரே அழுதுக்கிட்டு நிக்கிற இடத்துல ஒரு அக்கா மூக்கை பொத்துறா. ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல இந்த இடம் வரும்போது பின் பெஞ்சுல சிரிக்காத பசங்களை நான் பார்த்ததில்ல.

அடுத்தது, கிறிஸ்மஸ் அன்னைக்கு போய் பேயும் பொணமுமான்னு கேக்குறீங்க. பிரிட்டன்ல பேய்க்கதைக்கு சீசனே கிறிஸ்மஸ்தான் ஐயா. சார்லஸ் டிக்கன்ஸ் 1843 டிசம்பர்ல எழுதி வெளியிட்ட 'எ கிறிஸ்மஸ் கேரல்' என்ன கதை? செத்து ஏழு வருஷமான பார்ட்னர் சங்கிலியை இழுத்துக்கிட்டு ராத்திரி வீட்டுக்குள்ள வந்து நிக்கிறான். அதைத்தான நம்ம ஸ்கூல்லயெல்லாம் நாடகமா போடுறோம், பெற்றோர் வந்து கைதட்டுறாங்க, யாரும் சர்ச்சுல புகார் குடுக்கல. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜ்ல எம்.ஆர். ஜேம்ஸ்னு ஒரு பெரிய அறிஞர் இருந்தார், பழைய கையெழுத்துப் பிரதியில கரைகண்டவர், கிறிஸ்மஸ் சமயத்துல நண்பர்களை கூட்டி வச்சு தான் எழுதுன பேய்க்கதையை மெழுகுவத்தி வெளிச்சத்துல வாசிச்சு காட்டுவார். பிபிசி 1971ல இருந்து கிறிஸ்மஸுக்கு பேய்க்கதை போடுறதை ஒரு வழக்கமாவே வச்சிருந்தாங்க, நடுவுல விட்டுப்போய் மறுபடி ஆரம்பிச்சாங்க. டிசம்பர்னா அங்க சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், ஸ்காட்லாந்துல அதுக்கும் முன்னாடியே, வீட்டுக்குள்ள நெருப்பு போட்டு உக்காந்தா வேற எதைப் பத்தி பேசுவாங்க?

ஸ்காட்லாந்துன்னு வந்ததால ஒண்ணு சொல்லியே ஆகணும். அந்த நாட்டுல கிறிஸ்மஸ் பொது விடுமுறை ஆனது 1958லதான். அதுக்கு முன்னாடி டிசம்பர் 25 அன்னைக்கு ஆளுங்க பாட்டுக்கு வேலைக்கு போய்ட்டு வந்திருக்காங்க. சீர்திருத்த சபைக்காரங்க, வேதத்துல இல்லாத பண்டிகைன்னு சொல்லி கிறிஸ்மஸை ஒதுக்கி வச்சதால வந்த வினை அது, 1640ல ஸ்காட்லாந்து பார்லிமென்ட் யூல், அதாவது கிறிஸ்மஸ் விடுமுறையே கூடாதுன்னு சட்டம் போட்டுச்சு. கொண்டாட்டமெல்லாம் வருஷப் பிறப்புக்குத்தான். ஆக அந்த மண்ணுல கிறிஸ்மஸுக்கு எதிரா நின்னது பேய்ப்படக்காரங்க இல்ல, நம்மளை மாதிரி பக்தியுள்ள சபை ஆளுங்கதான். ஐயா இதை கோவிக்காம படிக்கணும்.

இப்ப வெட்டாதீங்கன்னு சொன்ன இடம். செத்தவனை எழுப்புறதுங்குறது அந்த ஊருக்கு வெறும் சினிமா கற்பனை கிடையாது, உண்மையாவே ட்ரை பண்ணியிருக்காங்க. 1818 நவம்பர் 4, கிளாஸ்கோ. மேத்யூ கிளைட்ஸ்டேல்னு ஒரு நெசவாளி, ஒரு வயசான மனுஷனை கொன்ன கேஸ்ல தூக்குல போட்டாங்க. உடம்பை அறுத்துப் பார்க்க குடுக்கணும்னு தண்டனையிலயே இருந்துச்சு. தூக்குல இருந்து இறக்குனதும் வண்டியில ஏத்தி யூனிவர்சிட்டிக்கு கொண்டு போனாங்க, அங்க உடற்கூறு பேராசிரியர் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் ஆண்ட்ரூ யூர்னு ஒரு வேதியியல்காரரும் ரெடியா இருந்தாங்க, 270 ஜோடி தகடு அடுக்குன பேட்டரியோட. கூட்டம்னா கூட்டம், ஹால் நிறைஞ்சிடுச்சு. கால் நரம்புல கம்பியை வச்சதும் மடக்கி வச்சிருந்த கால் விசுக்குன்னு உதைச்சதுல பிடிச்சிட்டிருந்த உதவியாள் கிட்டத்தட்ட சாஞ்சுட்டான். மூச்சுக்கு போற நரம்புல வச்சதும் நெஞ்சு ஏறி இறங்குச்சு. கையில வச்சதும் விரல் நீண்டு கூட்டத்தைப் பார்த்து சுட்டிக் காட்டுற மாதிரி ஆடுச்சு, உயிர் வந்துடுச்சுன்னே சில பேர் நினைச்சுட்டாங்க. புருவத்துக்கு மேல உள்ள நரம்புல வச்சப்பதான் உச்சக்கட்டம். கோவம், பயம், வேதனை, சிரிப்புன்னு ஒவ்வொரு முகபாவமா அந்த செத்த மூஞ்சியில மாறி மாறி வந்திருக்கு. கோரமான சிரிப்புன்னு யூரே எழுதி வச்சிருக்கார். பார்த்துக்கிட்டிருந்தவங்கள்ல சில பேர் தாங்க முடியாம வெளிய ஓடிட்டாங்க, ஒருத்தர் மயங்கி விழுந்துட்டார். செத்தவன் எழுந்து நின்னான், டாக்டர் கத்தியால கழுத்துல குத்தி மறுபடி கொன்னார்னெல்லாம் பின்னாடி கதை கட்டி விட்டாங்க, அது டூப்பு.

மேரி ஷெல்லியோட 'ஃபிராங்கன்ஸ்டைன்' வெளிவந்ததும் அதே 1818தான், ஜனவரியில. நாவல்ல ஒரு காலேஜ் மாணவன் பொண உறுப்புகளை சேர்த்து செஞ்ச உடம்புக்கு உயிர் குடுக்குறான், வருஷம் முடியுறதுக்குள்ள கிளாஸ்கோவுல நிஜமாவே கரண்ட் குடுத்து பார்க்குறாங்க. அங்க இருந்து அதே கிளைட் ஆத்தோட போனா முப்பது கிலோமீட்டர் சுத்துல போர்ட் கிளாஸ்கோ, இந்தப் படம் எடுத்த இடம். படம் எடுத்தவங்க இதை மனசுல வச்சு எடுத்தாங்கன்னு நான் சொல்ல வரல. பயமும் சிரிப்பும் ஒரே மூஞ்சியில வரும்னு அந்த ஊர்க்காரங்க இருநூறு வருஷம் முன்னாடியே டிக்கெட் இல்லாம பார்த்துட்டாங்கங்குறேன்.

சரி படத்துக்கு வர்றேன். இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது காலைல அன்னா ஸ்கூலுக்கு கிளம்புற பாட்டு. ராத்திரி எல்லாம் முடிஞ்சுபோச்சு, அவளுக்கு தெரியாது. காதுல ஹெட்ஃபோன், இன்னைல இருந்து என் வாழ்க்கையை மாத்திக்க போறேன்னு குஷியா பாடிக்கிட்டே வாசலைத் தாண்டி வர்றா. பின்னாடி ஒரு வீட்டு ஜன்னல் உடையுது, ஒருத்தன் நெருப்போட ஓடுறான், ஒருத்தியை ரெண்டு பேர் கடிச்சு இழுக்குறாங்க, இவ ஒண்ணையும் பார்க்கல, கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுலேயே ஆடிக்கிட்டு போறா. அந்தப் பக்கம் ஜானும் அதே மாதிரி. இதுல ஜோக்கை தனியா எடுத்து சொல்ல முடியாது, ஃப்ரேம் முன்னாடி சந்தோஷம், ஃப்ரேம் பின்னாடி சாவு, ரெண்டும் ஒரே தாளத்துல போகுது. காமெடியன் ஒருத்தன் பேயைப் பார்த்து பேன்ட்டை நனைக்கிறதையே பேய் காமெடின்னு பார்த்துப் பழகுன நமக்கு இது வேற ருசி.

ஸ்கூல் ஷோ சீன் டீச்சருங்களுக்குன்னே எடுத்தது. பென்குயின் வேஷம் போட்ட பசங்க ராப் பாடுறாங்க, அர்த்தமே கிடையாது, பெற்றோர் மூஞ்சியை பார்க்கணுமே. அப்புறம் லிசான்னு ஒரு பொண்ணு வந்து நான் மேல சொன்ன சாண்டா பாட்டை பாடுறா, சட்டை இல்லாத பையன்க பின்னாடி ஆடுறாங்க, முன் வரிசையில உள்ளவங்க நெளியிறாங்க. ரிகர்சல்ல ஒரு பாட்டை காட்டிட்டு மேடையில வேற ஆட்டம் போடுற பிள்ளைங்களை மேய்ச்ச எந்த டீச்சருக்கும் அந்த இடத்துல வயித்தை கலக்கும். ஹெட்மாஸ்டர் சாவேஜா வர்றவர் பால் கே. ஆகப் போற ஹெட்மாஸ்டர்தான் அவர், பதவி இன்னும் முழுசா கைக்கு வரல, அந்த ஆத்திரம் உடம்பு பூரா இருக்கு. ஸ்டெஃப்னு ஒரு பொண்ணு ஊர்ல வீடில்லாதவங்களை பத்தி எழுதணும்னு நிக்கிறா, இவர் விடமாட்டேங்குறார். ஊரே செத்துக்கிட்டு இருக்கும்போதும் ரூல்ஸ், ரூல்ஸ். கடைசியில அவருக்கு புத்தி பேதலிச்சு பாடுற பாட்டு வரும்போது ஜாம்பிகளே தேவலைன்னு ஆயிடும். இந்த மாதிரி ஒருத்தர்கிட்ட வேலை பார்த்த அனுபவம் நம்ம பக்கம் நிறைய பேருக்கு இருக்கும், அதுக்கு மேல நான் எதுவும் சொல்லல.

இனிமே எழுதுறதுல கதை கொஞ்சம் வெளிய வரும், பார்க்கப் போறவங்க இந்த பாராவை தாண்டிடுங்க. படத்தோட ரெண்டாவது பாதி சிரிப்பு காட்டாதுன்னு நிறைய பேர் குறை சொல்றாங்க, ஆரம்பத்துல இருந்த ஜாலி எங்க போச்சுங்குறாங்க. எனக்கு அந்த பாதிதான் படமே. ஜான் இருக்கான் பாருங்க, அன்னாவை உள்ளுக்குள்ள விரும்பிக்கிட்டு வெளிய ஜோக்கடிச்சுக்கிட்டு திரியிறவன், போட்டிருக்குற கிறிஸ்மஸ் ஸ்வெட்டரே ஒரு ஜோக். வழக்கமான படமா இருந்தா இந்த மாதிரி பையன் கடைசி வரைக்கும் வருவான், முத்தம் கிடைக்கும். இதுல பாதி வழியிலயே கடி வாங்கிடறான். அவனுக்கு அப்புறம் படத்துல ஒரு ஓட்டை விழுந்துடுது, அதை மூட டைரக்டர் முயற்சியே பண்ணல. லிசாவும் அவ ஆள் கிறிஸும் போறாங்க. கிறிஸோட பாட்டியை எந்த ஜாம்பியும் தொடல, தானாவே அமைதியா போயிடறாங்க, அந்தக் களேபரத்துல அது ஒண்ணுதான் நல்ல சாவு. அப்பா டோனிக்கும் கடி விழுது. மகளும் அப்பாவும் பேசிக்கிற அந்த இடத்துல ஆஸ்திரேலியா சண்டையெல்லாம் எங்க போச்சுன்னே தெரியாது. சிரிச்சு பழகுன ஆளுங்களை ஒவ்வொருத்தரா எடுத்துக்கிட்டு போற அந்த பாதி இருக்குற படத்தைத்தான், பார்க்காமலே, பொணத்தை வச்சு சிரிக்கிறாங்கன்னு ஐயா எழுதியிருக்கார். செத்தவனை லேசா எடுத்துக்கிற படம் இப்படி இருக்காது.

ஏன் இப்படி இருக்குன்னு யோசிச்சா, இந்தப் படத்துக்கு விதை போட்டவர் கதை தெரியணும். ரயன் மெக்ஹென்றி, ஸ்காட்லாந்துக்காரர். டிவியில 'ஹை ஸ்கூல் மியூசிக்கல்'னு ஸ்கூல் பசங்க பாடி ஆடுற அமெரிக்கப் படம் ஓடிட்டு இருந்தப்ப, இந்த ஹீரோவை ஒரு ஜாம்பி வந்து கடிச்சா எவ்வளவு நல்லா இருக்கும்னு அவருக்கு தோணுனதுதான் ஆரம்பம்னு கூட இருந்தவங்க பேட்டியில சொல்லியிருக்காங்க. 2010ல 'ஜாம்பி மியூசிக்கல்'னு ஒரு குறும்படமா எடுத்தார், பேர் வாங்குச்சு. அதை முழுப் படமா பண்ணலாம்னு ஆலன் மெக்டொனால்டோட சேர்ந்து எழுத ஆரம்பிச்சார். 2013ல எலும்பு கேன்சர்னு தெரிஞ்சுது. அதே வருஷம்தான் உலகம் முழுக்க சிரிச்ச அந்த ஆறு செகண்ட் வீடியோக்களையும் போட்டார், ஹாலிவுட் நடிகர் ரயன் காஸ்லிங் சீரியல் (பால் ஊத்தி சாப்பிடுற கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி காலை உணவு) சாப்பிட மாட்டேங்குறார்னு, ஞாபகம் இருக்கா? டிவியில காஸ்லிங் மூஞ்சி வரும்போது ஸ்பூனை கொண்டு போய் அவர் வாய்கிட்ட நீட்டுவார், அவர் சரியா அப்ப பார்த்து மூஞ்சியை திருப்பிப்பார். வாட்ஸப்ல நமக்கும் வந்துச்சு, அந்த கை யாரோடதுன்னு நமக்கு தெரியாது. 2015 மே மாசம் 27 வயசுல அவர் இறந்துட்டார். அடுத்த நாளே ரயன் காஸ்லிங் ஒரு வீடியோ போட்டார், கிண்ணத்துல சீரியலை ஊத்தி, பால் விட்டு, ஒரு வாய் எடுத்து சாப்பிட்டார், ஒரு வார்த்தை பேசல.

படத்தை அவரே டைரக்ட் பண்ணியிருக்க வேண்டியது, அவர் இல்லாததால நண்பர்கள் ஜான் மெக்ஃபெயிலை கூட்டி வந்து முடிச்சாங்க. தனக்கு நோவுன்னு தெரிஞ்ச ஒரு வாலிபப் பையன் உக்காந்து எழுதுன ஜாம்பி காமெடி இது. அதுல பசங்க சாவுறதும், சாவுறதுக்கு முன்னாடி வரைக்கும் ஜோக்கடிக்கிறதும் எங்க இருந்து வந்திருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

நம்ம பக்கத்துலயும் ஒரு உதாரணம் இருக்கு, தமிழ் டீச்சர்ங்குறதால சொல்லாம இருக்க முடியல. மயிலாப்பூர்ல பாம்பு கடிச்சு செத்துப்போன பூம்பாவையோட எலும்பும் சாம்பலும் இருந்த குடத்தை முன்னாடி வச்சு சம்பந்தர் பாடுன பதிகம். அவளை எப்படி கூப்பிடுறார் பாருங்க. ஐப்பசி ஓணத்தை பார்க்காமலா போற, கார்த்திகை விளக்கீடு பார்க்காமலா போற, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் இதெல்லாம் பார்க்காமலா போறன்னு ஒவ்வொரு பாட்டுலயும் ஒரு திருவிழாவா அடுக்குறார், "காணாதே போதியோ பூம்பாவாய்"னு முடிக்கிறார். சொர்க்கம் நரகம் கர்மம்னு எதுவும் பேசல, ஊர்த் திருவிழா காலண்டரை எடுத்து வாசிக்கிறார், அதுக்குத்தான் செத்த பொண்ணு எழுந்து வர்றா. பண்டிகையும் போனவங்களும் ஒரே பேச்சுல வர்றது ஸ்காட்லாந்துக்காரன் கண்டுபிடிப்பு இல்ல. கல்லறைத் திருநாளுக்கு நவம்பர்ல வெள்ளை அடிச்சு பூ வச்சுட்டு, தாத்தா உயிரோட இருந்தப்ப அடிச்ச கூத்தை அந்த இடத்துலயே நின்னு சொல்லி சிரிக்காத குடும்பம் எங்க தெருவுல ஒண்ணு கூட கிடையாது.

படத்துல குறையே இல்லன்னு சொல்லல. பாட்டுல பாதி ரேடியோவுல வர்ற சாதாரண பாப் மாதிரிதான் இருக்கு, முடிஞ்சதும் மறந்துடுது. ஹெட்மாஸ்டரை இன்னும் ரெண்டு கட்டை கம்மியா விட்டிருக்கலாம். ஜாம்பி மேக்கப் சில இடத்துல நம்ம ஆண்டு விழா மேக்கப் ரேஞ்சுதான். செத்தவனுக்கு ஏன் உயிர் வந்துச்சு, எந்த வைரஸ், யாரு காரணம், ஒரு விளக்கமும் கிடையாது. நம்ம 'மிருதன்'ல கூட ஒரு கெமிக்கலாவது காட்டுனாங்க. எனக்கு அது குறையா படல, சில பேருக்கு படும்.

அதனால ஆசிரியர்கிட்ட கேக்குறது இதுதான். வர்ற ஞாயிறு இணைப்புல ஒரு திருத்தம் போடுங்க, இந்தப் படத்தை குழந்தைங்க லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டோம், பதினஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்களுக்குன்னு. இனிமே இந்த மாதிரி லிஸ்ட் போடும்போது படத்து பேருக்கு பக்கத்துல எந்த நாட்டு படம், யார் டைரக்டர், என்ன சர்ட்டிஃபிகேட், இந்த மூணும் போட்டா போதும், ஸ்டார் கூட வேண்டாம். படம் பார்த்த ஆளையே எழுத வச்சா இன்னும் நல்லது.

ஐயாவுக்கு: ஒரு ராத்திரி பேரன் பேத்திங்க தூங்குனதுக்கு அப்புறம் படத்தை நீங்களே பாருங்க. சாண்டா பாட்டு வரும்போது மட்டும் எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வந்துடுங்க. பார்த்துட்டு மறுபடியும் கண்டிச்சு எழுதுனீங்கன்னா அதையும் நான் படிக்கிறேன், பதிலும் போடுறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
பாளையங்கோட்டை.